வெள்ளைப் பூ நேற்று, சிவப்புப் பூ முந்தாநாள்

தமிழ் வகுப்புப் பிள்ளைகளை பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்கு அழைத்துப்போகும் நாளில், காலை ஒன்பது மணிக்குள் அல்லிக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வெயில் ஏறிவிட்டால் பூக்கள் மூடிக்கொள்ளும்.

மொரீஷியஸில் போர்ட் லூயிக்கு வடக்கே இருக்கும் தோட்டம் இது. 1770 வாக்கில் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சு நிர்வாகி ஜாதிக்காயையும் கிராம்பையும் வளர்த்துப் பார்த்த இடம். நாம் பம்பளிமாசு என்று சொல்லும் பழத்தின் பெயரும் இந்த ஊர்ப்பெயரும் உறவுக்காரச் சொற்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஊரே கொஞ்சம் நெருங்கி வந்துவிடும். மரப் பெயர்ப் பலகைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போகும் சுற்றுலாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படி எழுதிய நாற்பது பெயர்களும் பஸ் ஏறுவதற்குள் மறந்துபோகும். ஒரே செடியின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது மறப்பதில்லை.

நாங்கள் உட்காரும் இடம் ராட்சத அல்லியின் கரை. அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த செடி. இலை 2 மீட்டர் அகலத்தையும் தாண்டி வளரும். விளிம்பு தாம்பாளம்போல மேல்நோக்கி மடிந்திருக்கும். மேற்பரப்பு மெல்லியது, விரலால் அழுத்தினால் கிழிந்துவிடும். எடையைத் தாங்குவதெல்லாம் அடியில்தான். ஒருமுறை தோட்டக்காரர் ஒருவர் பழுத்த இலையொன்றைக் கழியால் தூக்கிக் காட்டினார். நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் விரியும் தடித்த நரம்புகள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் சிறு நரம்புகள், எல்லாவற்றுக்குள்ளும் காற்றறைகள். அந்த அடிப்புறம் முழுக்க முள். தண்ணீருக்கடியிலிருந்து மேய வரும் உயிர்களிடமிருந்து அதுதான் காப்பு.

விளிம்பு உயர்ந்திருந்தால் மழைநீர் தேங்குமே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. மிதக்கும் இலை மேற்புறத்தால்தான் மூச்சுவிடுகிறது, நீர் நின்றால் அது அடைபட்டுவிடும். அதற்காகவே விளிம்பில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள், இலை முழுவதும் கண்ணுக்கு எட்டாத நுண்துளைகள். பக்கத்தில் தாமரைக் குளமும் இருக்கிறது. தாமரை வேறு வழியில் போகிறது. அதன் இலையில் மெழுகு பூசிய நுண்ணிய முகடுகள் இருப்பதால் நீர் ஒட்டாமல் முத்தாக உருண்டு விழுகிறது. 'தாமரை இலைத் தண்ணீர்' என்று கட்டுரையில் எழுதும் பிள்ளைகள் அதைக் கையால் உருட்டிப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

இலையைவிடப் பூவின் கதை பெரிது. ஒரு பூவுக்கு இரண்டு இரவுகள் ஆயுள். முதல் மாலை வெள்ளையாக மலரும். தன்னிடமுள்ள மாவுச்சத்தை எரித்துச் சுற்றுக் காற்றைவிட ஏறத்தாழ 10 டிகிரி சூடாகிப் பழவாசம் வீசும். அமேசானில் அந்த வாசத்துக்கு வண்டுகள் வந்து இறங்கும். அப்போது பூவில் சூலகம் மட்டுமே தயார், மகரந்தம் இன்னும் முற்றவில்லை. வண்டு வேறொரு பூவிலிருந்து சுமந்து வந்த மகரந்தம் சூல்முடியில் படிகிறது. மறுநாள் பகலில் பூ வண்டுகளை உள்ளே வைத்தே மூடிக்கொள்கிறது. உள்ளிருப்பவை மாவுப் பகுதிகளைத் தின்றுகொண்டிருக்க, இதழ்கள் சிவக்கின்றன, மகரந்தம் முற்றுகிறது. இரண்டாம் மாலை கதவு திறக்கும். மகரந்தம் அப்பிய வண்டுகள் வெளியேறி, அன்றைக்கு மலர்ந்த வேறொரு வெள்ளைப் பூவைத் தேடிப் போகும். பிறகு பூ தண்ணீரில் மூழ்கிவிடும்.

அந்த வண்டுகள் இந்தத் தீவில் கிடையாது. ஆனாலும் இங்கே ஒவ்வொரு மாலையும் பூ தன் அடுப்பை மூட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இரவில் நடப்பதைப் பகலில் வந்த பிள்ளைகள் எப்படிப் பார்ப்பது? குளமே காட்டிக்கொடுக்கிறது. வெவ்வேறு நாளில் பிறந்த பூக்கள் அருகருகே மிதக்கின்றன. வெள்ளை நேற்று மாலை மலர்ந்தது, சிவப்பு முந்தாநாள் மலர்ந்தது, தலை கவிழ்ந்து அமிழ்வது அதற்கும் முந்தியது. பிள்ளைகள் குளத்தின் படம் வரைந்து ஒவ்வொரு பூவின் மேலும் கிழமையை எழுதுவார்கள்.

பெண்மைக்கு ஒரு வேளை, ஆண்மைக்கு ஒரு வேளை என்று பூ பிரித்து வைத்திருப்பது, தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க. பக்கத்தில் வேறொரு பூ வேறொரு நாள் கணக்கில் இருக்கும்வரை இது அருமையான ஏற்பாடு.

அதனால் ஒவ்வொரு வகுப்பையும் அடுத்த முறை இதே தீவிலுள்ள க்யூர்பிப் ஊர்த் தோட்டத்துக்கு அழைத்துப்போவது என் வழக்கம். அங்கே வேலிக்குள் ஒல்லியான பனைவகை மரம் ஒன்று நிற்கிறது. பாக்கு மரத்துக்குத் தூரத்து உறவு. ஹையோஃபோர்பி அமாரிகாலிஸ் என்ற அதன் இனத்தில் உலகத்தில் எஞ்சியிருப்பது அது ஒன்றே. அதுவும் அல்லியைப் போலவே வேளை பிரிக்கும், வரிசைதான் தலைகீழ். ஒரே பாளையில் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து உதிரும், அதன் பிறகே பெண் பூக்கள் திறக்கும்.

சென்ற ஆண்டு ஒரு சிறுமி அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், பெண் பூ திறக்கும்போது மகரந்தம் யார் கொடுப்பார்கள்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் வேலியைச் சுற்றி நடந்து, மற்ற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.