நோபிள் என்பது பெருங்குடிப் பிறப்பு

புகையிரதம் கடற்கரையோரமாகக் கடக்கும்போதெல்லாம் யன்னற் கண்ணாடி அதிரும் வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றில், ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் பகடையும் தாளுமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுகிறோம். பாத்திரத்தின் விவரத்தாளை இம்முறை தமிழிலேயே நிரப்புவதென்று முடிவானபோது, ‘பின்னணி’ என்ற கட்டத்தில் ‘நோபிள்’ என்று குறிக்கவேண்டியிருந்த தம்பி ஒருவர் பேனையை வைத்துவிட்டு, “அண்ணா, இதுக்குத் தமிழில என்னெண்டு எழுதுறது?” என்று கேட்டார். அவர் எழுதி வெட்டியிருந்த சொல் ‘ராஜபரம்பரை’. வெட்டியது சரிதான், விதிநூல் சொல்லும் நோபிள் அரச குடும்பத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

ஆங்கிலத்திற்கு இச்சொல் பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘நோபிலிஸ்’ என்பதிலிருந்து வந்தது. அறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லின் முதற்பொருள் ‘அறியப்பட்டவர்’ என்பதே. வடமொழி வழியாக நமக்கு வந்த ‘ஞானம்’ என்பதும் அதே வேரின் இன்னொரு கிளை. உரோமக் குடியரசின் பிற்காலத்தில், முன்னோரில் ஒருவர் கொன்சல் என்ற தலைமை ஆட்சிப் பதவி வகித்த குடும்பத்தாரே பெரும்பாலும் இப்பெயரால் சுட்டப்பட்டனர். அத்தகைய முன்னோர் இல்லாமல் கி.மு. 63இல் கொன்சலான சிசரோவை ‘புதிய மனிதர்’ என்றார்கள். பழம் பொருளில், இரத்தத்தைக் காட்டிலும் ஊரறிந்த பெயரே இச்சொல்லின் உயிர்.

விளையாட்டு விதிகளில் இந்த ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் புகுந்துகொள்கின்றன. 1977இல் வெளியான டிராவலர் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டு, சமூகநிலையை வலிமை, அறிவு ஆகியவற்றோடு ஆறாவது பண்பாக வைத்து, இரண்டு பகடைகளை உருட்டச் சொன்னது. 11 விழுந்தால் ‘சேர்’ பட்டம், 12 விழுந்தால் அதற்கும் மேல். 36 வாய்ப்புகளில் மூன்றுதான் அந்த வாசலுக்குப் போகும். இன்ன வீட்டில் பிறப்பது எவர் கையிலும் இல்லை என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன விதி வேறு உண்டோ தெரியாது. புள்ளிகளைச் செலவிட்டுப் பாத்திரத்தை உருவாக்கும் கர்ப்ஸ் என்ற விளையாட்டு மறுதிசையில் சென்று, சமூகத் தகுதியின் ஒவ்வொரு படிக்கும் 5 புள்ளி விலை வைத்தது; அங்கே நல்ல குடும்பத்தில் பிறப்பது ஆடுபவர் கணக்குப் பார்த்து வாங்கும் பொருள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்போ, முத்திரை மோதிரம், வம்சாவளிச் சுருள், 25 பொற்காசு கொண்ட பணப்பை ஆகியவற்றோடு, உள்ளூர்ப் பெரியவர்களை நேரிற் கண்டு பேசும் வாய்ப்பையும் தந்தது. 2024 பதிப்பில் அந்த வாய்ப்பு எடுபட்டு, வரலாற்றறிவும் பேசி இணங்கவைக்கும் திறனும் போன்ற வளர்ப்பின் பேறுகளே மிஞ்சின. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கதவைத் திறக்காத குடும்பப்பெயரால் என்ன பயன்?

ஆகவே தமிழ்ச் சொல் பட்டத்தையோ பதவியையோ குறிக்காமல், பிறந்த வீட்டின் பெயரைக் குறிக்கவேண்டும். முதலில் நாவில் வருவது ‘பிரபு’. ஆனால் இலங்கையில் அது பட்டத்தின் பெயர். சோல்பரி பிரபு என்று பாடநூலிற் படித்தவர்கள் நாங்கள். ‘முதலியார்’ என்று எழுதலாமே என்றார் இன்னொருவர். கொழும்புக்காரருக்கு இது இயல்பான யோசனை, ஏனெனில் தமிழகத்தில் சாதிப்பெயராக நிற்கும் அச்சொல் இங்கே குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அரசு வழங்கிய பதவியாகவும் சிறப்புப் பட்டமாகவும் இருந்தது. பழைய குடும்பங்களின் பெயர்களில் ‘வாசல் முதலியார்’ என்பதை இன்றும் காணலாம். ஆயினும் நியமனத்தால் வருவதைப் பிறப்பின் கட்டத்தில் எழுத முடியாது. ‘உயர்குலம்’ என்பதை நான் மறுத்துவிட்டேன். அதைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழுவது சாதி; கற்பனை நாட்டுக்குள் அதை நாமாகக் கொண்டுபோய் விடவேண்டியதில்லை.

பழஞ்சொற்களில் ‘குடிமை’ கவர்ச்சியானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியின் ஒப்புமைகளைப் பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு என்று தொடங்கிப் பத்தாக அடுக்குகிறது. ஏறக்குறைய ஒரு பாத்திரத்தாள்! பிறப்பும் குடிமையும் அங்கே தனித்தனிக் கட்டங்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒழுக்கம் உடைமையே குடிமை என்பது குறள். எனவே குடிமை நடத்தையின் பெயர். போதாக்குறைக்கு இன்றைய காதில் அது குடியுரிமை, குடியியற் பாடம் என்றே விழும்.

எஞ்சியது ‘பெருங்குடி’. பாண்டியன் அவையில் நீ யார் என்று கேட்கப்பட்ட கண்ணகி, தன் ஊரைச் சொல்லி, ‘ஏசாச் சிறப்பின் இசைவிளங்கு பெருங்குடி’யைச் சேர்ந்த மாசாத்துவானின் மகனுக்கு மனைவி என்று தன்னை அறிவிக்கிறாள். இசை என்றால் புகழ். புகழ் விளங்கும் குடி என்பதும் அறியப்பட்ட குடும்பம் என்பதும் ஒன்றே. இலத்தீன் சொன்னதைச் சிலப்பதிகாரம் தன் வழியில் சொல்லியிருக்கிறது. அக்குடி அரசகுடி அன்று, வணிகர் குடி. ‘ராஜபரம்பரை’ வெட்டப்பட்டதற்கும் இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தம்பி ‘பெருங்குடி’ என்று எழுதி முடித்ததும் பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, “ஆள் வெறிக்குட்டியோ?” என்று பாத்திரத்தைக் குடிகாரனாக்கிக் கேட்டார். சிரிப்பு அடங்கிய பின் ‘பிறப்பு’ என்பதையும் சேர்த்தோம். விவரத்தாளில் இப்போது நிற்பது ‘பெருங்குடிப் பிறப்பு’. பட்டம் கிடைத்தால் எழுதுவதற்கென்று கீழே ஒரு தனிக் கோடு வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.