சீட்டில் ஏறும் எடை எந்த வண்டியுடையது?

பிசான அறுவடை தொடங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்து எடைமேடைகளில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். எடைச் சீட்டு நிரல்களைப் பார்க்கும் எனக்கு போன் வருவதும் அப்போதுதான். ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சிகள் சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்: “தம்பி, டிஸ்ப்ளேல ஒண்ணு நிக்கி, சீட்டுல வேற ஒண்ணு அடிக்கி. என்னன்னு வந்து பாருங்க.”

எடைமேடையைச் சோதித்து முத்திரை வைக்கத் தொழிலாளர் துறை இருக்கிறது. ஆனால் எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் (பிட் பிட்டாகத் தகவல் அனுப்பும் கம்பி) வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சீட்டில் ஏறும் எண்ணுக்கு, நிரல் எழுதியவர்தான் பொறுப்பு. அந்தக் கேபிள் வந்து சேரும் போர்ட்டைத் திறக்க நாலு வரி நிரல் போதும். எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக எழுத வருகிற பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள். வந்த எண் எப்போதையது, முழுசாக வந்ததா என்று பார்ப்பதில்லை.

பல இண்டிகேட்டர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை அனுப்புவதும் ஒரு வரி. ஒரு வரிக்கு 16 பைட், நொடிக்கு 10 வரி என்று வையுங்கள்: நொடிக்கு 160 பைட். சி ஷார்ப் நிரல்மொழியில் போர்ட்டைக் கையாளும் சீரியல்போர்ட்டில் உள்வரும் பஃபர் (படிக்கும்வரை தகவல் காத்திருக்கும் இடம்), நாமாக மாற்றாவிட்டால், 4096 பைட். நிரல் பொத்தானை அமுக்கும்போது மட்டும் படிக்கிறது என்றால், அரை நிமிடத்துக்குள் அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் கீழே போகும். பழையது அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த டிராக்டர் மேடையேறி, நீங்கள் பொத்தானை அமுக்கும்போது முதலில் கைக்கு வருவது முந்தின வண்டி நின்றபோது வந்த வரி. ஒரு விவசாயியின் நெல் இன்னொருவர் கணக்கில் ஏறுவது இப்படித்தான். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் சண்டை வரும்.

படிக்கும் முன் பஃபரைக் காலி செய்யுங்கள். காலி செய்ததும் வரும் முதல் துண்டு பாதி வரியாக இருக்கலாம், அதையும் தள்ளுங்கள். 18460 என்பதில் முதல் இலக்கம் போய் 8460 மட்டும் வந்தால் பத்து டன் காணாமல் போகும். வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கான குறி கருவியின் கையேட்டில் இருக்கும். அதைப் பிடித்துப் படிக்க வேண்டுமே தவிர, ‘எட்டு பைட் கொடு’ என்று கேட்கக் கூடாது. ஒரு ரீட் அழைப்பில் முழு வரியும் வரும் என்று எந்த விதியும் இல்லை. எடை அசையாமல் நிற்கிறது என்று கருவியே சொல்லும் குறி இருந்தால் அதையும் பாருங்கள். இல்லாவிட்டால் தொடர்ந்து சில வரிகள் ஒன்றுபோல வந்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாட் ரேட் (அனுப்பும் வேகம்) தவறானால் குப்பை எழுத்து வரும், உடனே தெரிந்துவிடும். பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் ஒரு பிட்) தவறுவதுதான் ஆபத்து. கருவி 7 பிட், ஈவன் பாரிட்டி என்று அனுப்ப, நிரல் 8 பிட், பாரிட்டி இல்லை என்று படித்தால் 0, 3, 5, 6, 9 ஒழுங்காகத் தெரியும். 1, 2, 4, 7, 8 மட்டும் கோணல் எழுத்தாக மாறும். பாதி சரியாக வருவதால் கேபிள் மேல் பழி போடுவார்கள். இதற்கு மேல், எண் அல்லாததையெல்லாம் வெட்டி எறியும் ஒரு வரியையும் சேர்த்து எழுதியிருந்தால், 15360 கிலோ 5360 ஆகிச் சீட்டில் அழகாக அச்சாகும். அந்த வரியை நான் எங்கே பார்த்தாலும் அழித்துவிடுவேன். வடிவம் பொருந்தாத வரியைத் தள்ள வேண்டும், திருத்தக் கூடாது.

திறப்பதிலும் சில சங்கதிகள் உண்டு. விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்திருக்க முடியும்; அனுமதி மறுப்பு வந்தால் டாஸ்க் மேனேஜரில் பழைய நிரல் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்ட் எண் காம்9-க்கு மேல் போனால், போர்ட்டைத் திறக்கும் விண்டோஸ் கட்டளையான கிரியேட்ஃபைலுக்குக் கொடுக்கும் பெயருக்கு முன்னால் \\.\ சேர்க்க வேண்டும். லினக்ஸில் உபுண்டு என்றால் பயனரை, போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) வைக்காமல் படிக்காதீர்கள்: பைத்தானின் பைசீரியலில் எதுவும் சொல்லாவிட்டால் வரும்வரை காத்துக் கிடக்கும், திரை உறைந்துவிடும், வரிசை ரோடு வரை நீளும். நம்மூரில் கரண்ட் போய் வருவதும் கணக்கில் இருக்கட்டும். சீரியல் கேபிளை யுஎஸ்பியில் இணைக்கும் கன்வெர்ட்டர் ஒரு கணம் அறுந்து வந்தால் கையிலிருந்த போர்ட் செத்துவிடும். மூடிவிட்டு மறுபடி திறக்கும் வேலையை நிரலே செய்ய வேண்டும்.

கேபிள் பற்றிச் சுருக்கமாக: சாதாரண சீரியல் இணைப்பான ஆர்எஸ்-232-ஐ 15 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், தூரம் வேண்டுமானால் ஆர்எஸ்-485. ஐப்பசி இடி மழையில் இரு முனையையும் கழற்றிவிடுவது நல்லது.

ஆலைக்காரர்களுக்கு ஒரு சோதனை. லோடு வண்டி மேடையில் நிற்கும்போது ஒரு சீட்டு போடுங்கள். வண்டி இன்னும் ஒரு நிமிடம் நிற்கட்டும். பிறகு இறக்கிவிட்டு, டிஸ்ப்ளே 0 காட்டியதும் மறுபடி எடையை எடுங்கள். அங்கும் 0 வர வேண்டும். லோடு எடையே திரும்ப வந்தால், நிரலைச் சரிசெய்யும்வரை டிஸ்ப்ளேயைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதுங்கள்.