6ஜி சான்றிதழ் இருந்தால் ரைசரில் கை வைக்க விடுவார்களா?

ஓசூர் சிப்காட்டில் வெல்டிங் பழகிய ஐ.டி.ஐ. தம்பிகள், கிருஷ்ணகிரிக்கு நான் விடுமுறையில் வரும்போதெல்லாம் கேட்பது இதுதான்: "அண்ணா, ஆஃப்ஷோர் பைப்லைன் வேலைக்கு 6ஜி பாஸ் பண்ணினா போதுமா?" 6ஜி என்பது சாய்வாக, அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி வெல்ட் செய்து காட்டும் தேர்வு. அது போதும் என்றுதான் ஏஜென்ட்டுகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடலடிக் குழாய்த் திட்டங்களில் வெல்டிங் தரம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், போதாது.

காக்கிநாடாவுக்கு அப்பால் 2020 டிசம்பரில் எரிவாயு எடுக்கத் தொடங்கிய ஆர் கிளஸ்டர் கிணறுகள் 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கின்றன. நம் கே.ஆர்.பி. அணை நிரம்பினாலே 52 அடிதான். அந்த ஆழத்தில் குழாயின் மேல் தண்ணீர் ஏற்றும் அழுத்தம், நிலத்தில் நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு.

கடல் தரையில் கிடக்கும் குழாய் பைப்லைன். அங்கிருந்து மேலே ஏறுவது ரைசர். மேலே இருப்பது மிதக்கும் கப்பல் என்றால், அலைக்கு அது ஆடும்போதெல்லாம் ரைசரும் வளைந்து நிமிரும். ரைசர் தரையைத் தொடும் இடத்தில்தான் பெரும்பாலும் அடி அதிகம். அந்த வளைவை இருபது, இருபத்தைந்து வருடம் தாங்க வேண்டும். விரிசல் ஆரம்பிப்பது பெரும்பாலும் வெல்டில்தான், அதிலும் உள்பக்க ரூட்டில், அதாவது வெல்டின் அடிப்பகுதியில். இரண்டு குழாய்களின் உள்விளிம்பு அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கி நின்றாலும் அங்கே கணக்கு மாறிவிடும். அதனால் யார்டிலேயே ஒவ்வொரு குழாய் முனையையும் அளந்து, எண் போட்டு, எதோடு எது சேரும் என்று வரிசைப்படுத்துகிறோம். பைப்லைனில் விட்டுவிடும் சின்னக் குறை ரைசரில் இருந்தால், அல்ட்ராசோனிக் சோதனையில் தெரிந்த உடனே அந்த ஜாயின்ட்டை வெட்டச் சொல்வோம். வெல்டருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொரு விஷயம். சூடான எண்ணெய் ஓடும்போது பைப்லைன் நீளும், நிறுத்தினால் சுருங்கும். இப்படிப் பலமுறை நடந்தால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாக நகரும். ரைசரின் இழுவை அதற்கு ஒத்தாசை. பைப்லைனை ஒரு குழுவும் ரைசரை இன்னொரு குழுவும் தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டு காகிதத்திலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டும் சேரும் இணைப்பில்தான் சிக்கல் வரும். அதனால்தான் இரண்டையும் ஒரே அமைப்பாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தேவைப்பட்டால் குழாயை நங்கூரத்தில் கட்டிப் பிடிக்கிறார்கள். எந்த ஜாயின்ட்டுக்கு எவ்வளவு கெடுபிடி என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

சரி, கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள். குழாய் பதிக்கும் கப்பலில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் மெஷின். ஒரு ஸ்டேஷனில் ஒரு பாஸ், அதாவது வெல்டின் ஒரு அடுக்கு; அடுத்தது அடுத்த ஸ்டேஷனில். அந்த மெஷினில் கை பழக விடுவார்களா? ஃபிட்-அப், அதாவது இரண்டு குழாய் முனைகள் சரியாகப் பொருந்தி நிற்கிறதா என்று அளக்கச் சொல்லித் தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட்டின் பதிவை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.