சொத்தெர்ன்: தமிழில் என்ன சொல்லலாம்?

சொத்தெர்ன் முதலில் ஓர் ஊரின் பெயர். பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் இருக்கும் சின்ன ஊர். அங்கும் சுற்றியுள்ள நான்கு ஊர்களிலும் செய்கிற இனிப்பு ஒயினுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கடைசி எழுத்தான எஸ்ஸைப் பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிப்பதில்லை, ஆகவே 'சாட்டர்ன்ஸ்' என்று எழுத வேண்டாம்.

இந்த வகையில் தலையாயது ஷத்தோ திக்கெம். 'ஷத்தோ' என்றால் கோட்டை. சிறு அரண் என்று பொருள்படும் 'காஸ்தெல்லும்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. போர்தோ பக்கத்தில் கோட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திராட்சைப் பண்ணைக்கு அந்தப் பெயர்தான். 'தி' என்பது வேற்றுமை உருபு மாதிரி, 'இக்கெமின்' என்று பொருள். 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது முதல் தரத்துக்கும் மேலே ஒரு தனித் தரம் வைத்து, அதில் இந்த ஒரு பண்ணையை மட்டும் சேர்த்தார்கள்.

இனிப்பு எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கும், அந்த ஈரத்தில் பொட்ரிட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்க, பிற்பகல் வெயில் பழத்தின் நீரை இழுத்துவிட, சர்க்கரையும் புளிப்பும் சுண்டிப் போய் உள்ளேயே நிற்கும். இதற்குப் பிரெஞ்சில் 'மேன்மையான அழுகல்' என்று பெயர். நாம் நல்லழுகல் என்றே சொல்லலாம். எல்லாப் பழமும் ஒரே நாளில் பக்குவப்படாது, அதனால் ஒரே தோட்டத்தில் ஐந்தாறு முறை நடந்து பொறுக்குகிறார்கள். இக்கெமில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பைதான் தேறும் என்பார்கள். 1992, 2012 போன்ற ஆண்டுகளில் பழம் சரியில்லை என்று இக்கெம் பெயரில் ஒரு புட்டிகூட வெளியே விடவில்லை.

சரி, தமிழ்ச் சொல்? 'இனிப்பு மது' என்றால் பொருள் தப்பில்லை, ஆனால் பழமை அதில் தெரியவில்லை. நம்மிடம் தேறல் இருக்கிறது. தேறு என்றால் தெளி. தெளிந்த கள்ளும் தேறல், தேனும் தேறல். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' வருகிறது, அதாவது கடல் கடந்து வந்த மதுவுக்கே இந்தச் சொல்லை அன்றே ஆண்டிருக்கிறார்கள். அதே நூலின் 392ஆம் பாட்டில் ஔவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேள் கொட்டினாற்போன்ற கடுப்பு இங்கே பொருந்தாது, சொத்தெர்ன் வயதாக ஆக வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னாகி, அப்புறம் செம்பழுப்பாகி, தேன்போல மணக்கும். எனவே நாட்படு என்பதை எடுத்துக்கொண்டு, தீஞ்சுவை, தீம்பால் போல 'தீம்' சேர்த்தால் நாட்படு தீந்தேறல். ஊர்ப் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, வகையைச் சொல்லும்போது இதை எழுதலாம். இப்படி: இக்கெம் பண்ணையின் 1811ஆம் ஆண்டு நாட்படு தீந்தேறல் ஒரு புட்டி, 2011இல் 75,000 பவுண்டுக்கு விலைபோனது.