தேடிக் கிடைத்ததை ஒரு படி மட்டும் ஏற்றாதீர்கள்

முன்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும் லிங்க்ட் லிஸ்ட்டில், அடிக்கடி கேட்பது சீக்கிரம் கிடைக்க, தேடிக் கிடைத்ததை முன்னே நகர்த்துவது உண்டு. கோட் ரிவ்யூவில் மறுபடியும் அதே வரி. தேடிக் கிடைத்த நோடை (லிஸ்ட்டின் ஒரு உருப்படியை), அதற்கு முன்னால் இருப்பதோடு இடம் மாற்றுகிறார்கள், அத்தோடு சரி. இதற்குப் பெயர் டிரான்ஸ்போஸ். ஏன் என்றால் பதில் தயாராக இருக்கிறது: "நேரே முதலிடத்துக்குக் கொண்டுபோனால் லிஸ்ட் கலைந்துவிடும். அதைவிட டிரான்ஸ்போஸ்தான் சிறந்தது என்று 1976-லேயே கணினி அறிஞர் ரிவெஸ்ட் நிரூபித்துவிட்டாரே!"

எந்த நிபந்தனையில் நிரூபித்தார் என்பதையும் படியுங்கள், ஐயா. ஒவ்வொரு உருப்படியும் கேட்கப்படும் வாய்ப்பு மாறக்கூடாது. ஒரு தேடலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. லிஸ்ட் நெடுநேரம் ஓடி நிலைக்கு வந்திருக்க வேண்டும். நிஜ சர்வரில் அப்படியா தேடல் வருகிறது? ஒரே வாடிக்கையாளர் எண் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வரும், பிறகு நாள் முழுக்க வராது.

1,000 உருப்படி. கடைசி இரண்டையும், ஆகக் கடைசியில் இருப்பதில் தொடங்கி, மாற்றி மாற்றி 10,000 முறை தேடுங்கள். டிரான்ஸ்போஸில் அவை ஒன்றையொன்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கடைசியிலேயே கிடக்கும்: தேடலுக்கு 1,000 ஒப்பீடு, மொத்தம் ஒரு கோடி. முதலிடத்துக்கு ஏற்றினால் முதல் இரண்டு தேடலுக்குத்தான் ஆயிரம் ஆயிரம், பிறகு இரண்டிரண்டு. மொத்தம் 21,996. வரப்போகும் தேடல் எல்லாம் முன்பே தெரிந்த ஒருவர் அடுக்கினாலும், முதலிடத்துக்கு ஏற்றும் விதியின் செலவு அவருடையதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது என்று கணினி அறிஞர்கள் ஸ்லீட்டரும் டார்ஜனும் 1985-ல் காட்டினார்கள். டிரான்ஸ்போஸுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

உருப்படிகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் அர்ரே என்றால் கதை வேறு. முதலிடத்துக்கு ஏற்ற, அதற்கு முன்னால் உள்ள அத்தனையையும் ஒரு இடம் தள்ள வேண்டும். அங்கே டிரான்ஸ்போஸ் மலிவு. எத்தனை முறை தேடப்பட்டது என்ற எண்ணிக்கை வைத்து அடுக்குபவர்கள் அவ்வப்போது எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் போன மாதத்து உருப்படி முதலிடத்தை விடாது.

லாக் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். இங்கே தேடும்போதே நோடை நகர்த்துவதால், தேடுவதும் எழுதுவதுதான். பலர் ஒரே நேரத்தில் படிக்க விடும் ரீட் லாக்கை நம்பி இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் நோடை நகர்த்தினால், அடுத்த நோடைக் காட்டும் பாயிண்டர் வட்டமடித்துக்கொள்ளக்கூடும், தேடல் முடியாமல் சிபியு நூறு சதவீதத்தில் நிற்கும்.

இரவு ரிப்போர்ட்டுக்கு லிஸ்ட் முழுவதையும் ஓடிப் பார்க்க, இடம் மாற்றாத தனி ஃபங்ஷன் எழுதுங்கள். லிஸ்ட்டில் இல்லாததைத் தேடுவதுதான் அதிகமா? எந்த விதியும் உதவாது, வரிசையாகத் தேடாமல் இடத்தைக் கணக்கிட்டுப் போகும் ஹாஷ் டேபிளுக்குப் போங்கள்.

ஃபயர்வால் விதிகளை ஹிட் (எத்தனை முறை பொருந்தியது என்று) பார்த்து மேலே ஏற்றுவதற்குமுன், ஒரே பாக்கெட்டுக்குப் பொருந்தும் அனுமதியும் தடையும் இருக்கிறதா பாருங்கள். முதலில் பொருந்துவதே செல்லும் ஃபயர்வாலில் அவை இடம் மாறினால், தடுக்க வேண்டியது உள்ளே வந்துவிடும்.