ஸ்டேட்டஸ் மறைவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்

சென்ற வருடம் படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவர். சீட்டுக் காசை எடுத்து ஒரு தையல் இயந்திரம் வாங்கியிருந்தார். "புத்தம் புதியது, ஜப்பான் மோட்டார், ஐந்து வருட உத்தரவாதம்" என்று விளம்பரத்தில் இருந்ததாம். பட்டா லொறியில் கொண்டுவந்து இறக்கியதோ, பழைய இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த ஒன்று. மூன்றாம் கிழமையே மோட்டார் சூடாகி நின்றுவிட்டது.

"அந்த விளம்பரம் எங்கே அக்கா?" என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தவங்க மிஸ். இப்ப இல்ல."

"பற்றுச்சீட்டு?"

"தரல்ல. நானும் கேக்கல்ல."

மட்டக்களப்பில் சட்டத்தரணியாக இருக்கும் எனக்கு இந்த இரண்டு பதில்களும் பழகிப் போனவை. காத்தான்குடியில் போன் வாங்கியவரும் இதைத்தான் சொல்வார், செங்கலடியில் தண்ணீர் மோட்டார் வாங்கியவரும் இதைத்தான் சொல்வார். ஏமாந்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் இன்னும் அதிகம். ஏமாற்றியவர்தான் வெட்கப்பட வேண்டும், நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வியாபாரத்தில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும், அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையும் கூடாது என்கிறது அதன் 30ஆம் பிரிவு. அந்த "வழிநடத்தக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். "எனக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை" என்று கடைக்காரர் சொல்வது மட்டும் போதாது. பழையதைப் புதியது என்பது, இல்லாத தரத்தை இருப்பதாகக் காட்டுவது போன்ற பொய்யான கூற்றுகளை 31ஆம் பிரிவு தடுக்கிறது. கடை வாசலில் கட்டிய பேனரில் எழுதியதும் முகநூலில் போட்டதும் வியாபாரி சொன்ன சொல்தான்.

அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்து முறைப்பாடு சரியென்று கண்டால் நட்ட ஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ 13ஆம் பிரிவின்படி உத்தரவிடலாம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். அந்த அக்கா என்னிடம் வந்தபோது ஐந்து மாதம் கடந்திருந்தது. "நாளைக்கு ஆள் அனுப்புறோம், அடுத்த கிழமை பார்ப்பம்" என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல இவர் காத்திருந்திருக்கிறார். அவர் பொறுமையாக இருந்ததே அவருக்கு எதிராகப் போய்விட்டது. எனக்கு அன்று வந்த கோபத்தில்தான் இதை எழுத நினைத்தேன்.

ஆகவே கடைக்காரரோடு பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே முறைப்பாட்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதே சட்டம். திகதி, பொருள், விலை எல்லாம் அதில் இருக்கட்டும். சீட்டின் அடியில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று முத்திரை குத்தியிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு முத்திரையால் அதிகார சபையின் அதிகாரம் இல்லாமல் போகாது.

விளம்பரம் விஷயத்தில்தான் நம் ஆட்கள் மிகவும் கவனக்குறைவு. ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். முகநூல் பதிவை விற்றவரே அழித்துவிடலாம். காசு கொடுக்கும் முன் பக்கத்தின் பெயர், திகதி, விலை தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். வியாபாரி அனுப்பிய குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள்.

சாப்பாடும் மருந்தும் என்றால் வேறு சட்டங்களும் வரும். உணவைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்வதை 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் தடுக்கிறது. அதற்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) போகலாம். மருந்து விளம்பரங்கள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கட்டுப்பாட்டில் வருபவை. "சீனி வருத்தம் ஒரு மாதத்தில் இல்லாமல் போகும்" என்ற போத்தலை நம்பி வைத்தியசாலை மருந்தை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அப்படியான விளம்பரத்தைக் கண்டால், நீங்கள் வாங்காவிட்டாலும் அறிவியுங்கள். முகம் வெளுக்கும் கிரீம்களும் அப்படித்தான். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம்.

சரி, அந்த அக்காவுக்கு என்ன நடந்தது? அவருடைய மகள் அந்த விளம்பரத்தைத் தோழிக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்து வைத்திருந்தாள். இரண்டாம் முறை வரும்போது அவளையும் கூட்டி வந்தார். மூன்று மாதக் கெடு போய்விட்டதால், இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னேன். "புத்தம் புதியது" என்று எழுதிய அந்தப் படத்தை மேசையில் வைத்ததும் கடைக்காரர் வாதாடவில்லை. காசை இரண்டு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார். இரண்டாம் தவணை கிடைத்த அன்று அக்கா போன் எடுத்து, "வேற மெசின் பார்த்திருக்கேன் மிஸ், இந்த முறை கடைக்கே போய்த் தைச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்" என்றார்.