படையில் பணிபுரியும் தம்பதியும் ஒரே ஊர்ப் பணியிடமும்: விதி தருவது எவ்வளவு?

பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெற்று வெளிவருகிறார்கள். உடன் பணிபுரியும் அதிகாரியையே மணந்தவர்களும் அவர்களில் உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே மாற்றல் உத்தரவு வரும் இத்தகைய வீடுகளில், "இரண்டு பேரையும் ஒரே ஊரில் போட வேண்டும் என்று ஆணையே இருக்கிறதே" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஆணை இருப்பது உண்மைதான். அது யாருக்கு என்பதில்தான் குழப்பம்.

மத்தியப் பணியாளர் துறை 30.9.2009 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, ஒரே துறையில் பணிபுரியும் தம்பதியை, உரிய நிலையில் பணியிடம் இருக்குமானால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு 18 வயது ஆகும்வரை, தவறாமல் ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்கிறது. ஆனால் அது குடிமைப் பணியாளர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. முப்படைகளும் தத்தம் கொள்கைப்படியே ஆட்களை மாற்றுகின்றன. தம்பதியைச் சேர்த்துவைக்க அங்கும் முயல்வார்கள், படையின் தேவை போக மிஞ்சிய இடத்தில். குடிமைப் பணியிலேயே இத்தகைய வழிகாட்டுதல் வழக்காடிப் பெறத்தக்க உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில் கூறிவிட்டது.

படையினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறதே, அங்கே முறையிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் அதை அமைத்த 2007-ஆம் ஆண்டுச் சட்டமே மாற்றலையும் பணியிடத்தையும் அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டதால், மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே. எனவே உத்தரவு கைக்கு வந்தபின் ஓடுவதைவிட, துணைவரின் பணியிடம், குழந்தையின் வயது, பள்ளி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மேலதிகாரி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிப்பதே பயன்தரும்.

விடுப்பைப் பொறுத்தவரை, பெண் அதிகாரிகளுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலம் முழுவதற்குமாக 360 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. அதிகாரி அல்லாத பெண்களுக்கும் இதே விதிகளை நீட்டிக்க 2023 நவம்பரில் ஒப்புதல் தரப்பட்டது. இவை தாய்க்கென வகுக்கப்பட்டவை என்பதால், தம்பதி பிரிந்திருப்பதன் சுமை பெரும்பாலும் மனைவியின் பணிப்பதிவிலேயே ஏறுகிறது என்பது என் கருத்து.

உண்மையான முடிவு, தரைப்படையில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் சேரும் குறுகியகாலப் பணியின் (Short Service Commission) 10-ஆம் ஆண்டில் வருகிறது. அப்போது நிரந்தரப் பணி கேட்கலாம், 4 ஆண்டு நீட்டிப்புப் பெறலாம், அல்லது விலகலாம். அதிகாரிக்கு ஓய்வூதியம் பெற 20 ஆண்டுப் பணி வேண்டும். 14 ஆண்டில் வெளியேறுபவருக்குப் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. சட்டம், கல்வி போன்ற சில பிரிவுகள் நீங்கலாக, நிரந்தரப் பணி முன்பு பெண்களுக்கு எட்டாததாகையால், விலகுபவர் மனைவி என்பது கேட்காமலே முடிவாகியிருந்தது. பெண்களுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 17.2.2020 தீர்ப்புக்குப் பின் அதைத் தம்பதியே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெற்றோருக்குப் பதிலாகத் தாம்பரத்தில் பாட்டி கையெழுத்திட்டு அனுப்பும் பிள்ளையின் பள்ளி டைரியும் அந்தப் பேச்சில் இடம்பெறும்.